சாமி கும்பிடாத பையன் விடுதிப் பள்ளியில் எப்படி இருப்பது?

கேள்வி: "எனக்கு 16 வயது. ஒரு மத அமைப்பு நடத்தும் உறைவிடப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பாதிக் கட்டணத்துக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்கும் போலிருக்கிறது, நேர்காணல் மட்டும்தான் பாக்கி. ஆனால் எனக்கும் சரி, வீட்டில் மற்றவர்களுக்கும் சரி, கடவுள் நம்பிக்கை கிடையாது. அங்கே தினமும் வழிபாடு, வாரத்தில் ஒருநாள் பெரிய வழிபாடு, இரண்டும் கட்டாயம் என்று போட்டிருக்கிறார்கள். 'ரெண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடு' என்கிறார் அம்மா. 'அங்கே போனால் நீ மாறிவிடுவாய்' என்கிறார் அப்பா. நேர்காணலில் உண்மையைச் சொல்லலாமா? என்னை ஒதுக்கி வைப்பார்களா? வழிபாட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா?"

தம்பி,

உன்னை 'நீ' என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. விடுதிகளில் வார்டனாகவும் அப்புறம் மாணவர் ஆலோசகராகவும் பதினெட்டு வருஷம் ஓட்டியவள் நான், உன் வயதுப் பிள்ளைகளை 'நீங்கள்' என்று கூப்பிட வாய் வரமாட்டேன் என்கிறது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சாமி கும்பிடுகிறவள். அதனால் என் பேச்சில் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சாய்வு தெரிந்தால் நீயே கழித்துக்கொள்.

நேர்காணலில் உண்மையைச் சொல். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இந்த மாதிரிப் பள்ளிகளில் பல, வேறு மதத்துப் பிள்ளைகளையும் எந்த மதமும் இல்லாத பிள்ளைகளையும் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டிருப்பவை, நீ அவர்களுக்குப் புதிய ஆள் கிடையாது. பகல் பள்ளி என்றால் பொய் சொல்லிவிட்டு மாலையில் வீட்டுக்கு ஓடிவிடலாம், விடுதியில் அந்தப் பொய்யோடுதான் படுத்து எழுந்திருக்க வேண்டும். "எங்கள் வீட்டில் வழிபாட்டுப் பழக்கம் இல்லை, எனக்கும் நம்பிக்கை இல்லை, நடக்கும்போது மரியாதையாக உட்கார்ந்திருப்பேன், நான் எது எதில் கலந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள்?" அவ்வளவு போதும். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற வாதத்தை அந்த அறைக்குள் கொண்டுபோகாதே, அவர்களாகவே கிண்டினாலும் சிரித்து மழுப்பிவிடு. இதைச் சொன்னதற்காக இடம் தரவில்லை என்றால் வருத்தம்தான், ஆனால் அங்கே இரண்டு வருஷம் எப்படிப் போயிருக்கும் என்பது பத்தே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள். ஆ, ஒன்று: ஸ்காலர்ஷிப் பணம் பள்ளியிலிருந்து வருகிறதா, அந்த மத அமைப்பின் அறக்கட்டளையிலிருந்து வருகிறதா என்று பார். இரண்டாவது என்றால் அதற்கென்று தனி நிபந்தனைத் தாள் இருக்கும், அதைக் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

சரி, வழிபாட்டுக்கு வருவோம். உன் கவலை முழுக்க அந்த அரைமணி நேரத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. நான் பார்த்தவரைக்கும் இருப்பதிலேயே சுலபமான பகுதி அதுதான். முதல் வாரம் எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் முன்வரிசைக்காரனின் முதுகைப் பார்த்துப் பார்த்துச் செய்வாய், மூன்றாவது வாரம் உடம்பே பழகிக்கொள்ளும், அப்புறம் அது நாளைக்கான கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்க்கிற நேரம் ஆகிவிடும். பகல் பள்ளியில் மதம் என்பது ஒரு பீரியட். விடுதியில் அதுதான் கடிகாரம். எப்போது எழுப்புவார்கள், எப்போது சாப்பாடு, எந்தக் கிழமை மேட்ச் கிடையாது, எப்போது வீட்டுக்குப் போன் பேசலாம், எல்லாம் அதைச் சுற்றியே அமைந்திருக்கும். செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் விடுதிப் பள்ளியில் வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை மறைவது வரைக்கும் ஓய்வுநாள். வகுப்பும் கிடையாது, போட்டியும் கிடையாது, நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் உன் சனிக்கிழமை போச்சு. முஸ்லிம் உறைவிடப் பள்ளியில் தொழுகை நேரம் சூரியனைப் பார்த்து நகரும், ரமலான் மாதம் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும், அந்த மாதம் முழுக்க விடுதியின் இரவும் பகலும் இடம் மாறிக்கொள்ளும்.

இதை நான் ஒரு பையனிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். பத்தாவது படித்தவன், உன்னை மாதிரியே நம்பிக்கை இல்லாத வீடு. மாலை ஜெபத்திலிருந்து விலக்கு வேண்டும் என்றான், நானும் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தேன், எனக்கே பெருமையாக இருந்தது. எல்லோரும் ஜெபத்துக்குப் போகும்போது அவன் நூலகத்தில், ஒரு டியூட்டி டீச்சரோடு, தனியாக. அந்தப் பள்ளியில் ஜெபம் முடிந்த கையோடு, யாரும் எழுந்து போவதற்குள், அறிவிப்புகளைச் சொல்லிவிடுவார்கள்: நாளைக்கு எந்த பஸ், யாருக்குப் பார்சல் வந்திருக்கிறது, அணியில் யார் யார். அணியில் தன் பெயர் வந்ததே அவனுக்கு மறுநாள்தான் தெரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் அவனுடைய ரூம்மேட்டின் தாத்தா இறந்துபோன செய்தியை அங்கேதான் சொல்லி, எல்லோரும் ஒரு நிமிஷம் நின்றிருக்கிறார்கள். இவன் நூலகத்திலிருந்து விசிலடித்துக்கொண்டு வந்து, "ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டான். அந்தக் கேள்விக்காக அவன் எத்தனை நாள் வெட்கப்பட்டான் என்று எனக்குத்தான் தெரியும். அறிவிப்புகளை இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன். ஐந்து நிமிஷ வேலை. அதற்கு ஒரு முழுப் பருவம் எடுத்துக்கொண்டார்கள்.

விலக்கு கேட்காதே என்று சொல்லவில்லை, தம்பி. விலக்கு வாங்கினால் அந்த அரைமணி நேரத்தில் வேறு என்னவெல்லாம் உன் கையை விட்டுப் போகிறது என்று பார்த்துவிட்டுக் கேள்.

உரிமை விஷயம் நீ எந்த நாட்டில், எந்த மாதிரிப் பள்ளியில் இருக்கிறாய் என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் அரசியலமைப்பின் 28-வது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு தெளிவாகவே சொல்கிறது: அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிறுவனத்தில் படிப்பவரை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது, பள்ளியை ஒட்டிய கட்டடங்களில் நடக்கும் வழிபாட்டுக்கும் இது பொருந்தும், அதாவது விடுதிப் பக்கத்து ஜெப அறைக்கும் சேர்த்து. ஆனால் அதே வரியில் ஒரு கொக்கி இருக்கிறது: சம்மதம் கொடுத்திருந்தால் வேறு கதை, மைனராக இருந்தால் பாதுகாவலர் கொடுத்த சம்மதமே போதும். அட்மிஷன் படிவத்தில் உன் அப்பாவோ அம்மாவோ எங்கே கையெழுத்துப் போடுகிறார்கள் என்று நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். இங்கிலாந்தில் அரசுப் பராமரிப்பில் உள்ள பள்ளிகளில் பதினொன்று, பன்னிரண்டு மாதிரியான மேல்வகுப்பு மாணவர்கள் கூட்டு வழிபாட்டிலிருந்து தாங்களாகவே விலகலாம், அந்த உரிமை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. தனியார் விடுதிப் பள்ளிகளை அது தொடாது. அமெரிக்காவில் 1962-ல் உச்ச நீதிமன்றம் பள்ளி ஜெபத்துக்கு எதிராகச் சொன்ன தீர்ப்பும் அரசுப் பள்ளிகளுக்குத்தான். தனியார் பள்ளி என்றால் உன் வீட்டார் போட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான்.

சட்டத்தில் இடம் இருந்தாலும் அதைப் பயன்படுத்துவதற்கு ஒரு விலை உண்டு, அதை நீதிமன்றங்களே ஒத்துக்கொண்டிருக்கின்றன. நார்வேயில் சில பெற்றோர், பள்ளியின் சமயப் பாடத்திலிருந்து தங்கள் பிள்ளைகளுக்கு முழு விலக்கு கேட்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். அங்கே பகுதி விலக்குதான் இருந்தது, அதற்கும் காரணம் சொல்ல வேண்டும். 2007-ல் ஒன்பதுக்கு எட்டு என்று மயிரிழையில் பெற்றோர் பக்கம் தீர்ப்பு வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், விலக்கு கேட்பதற்காகத் தன் மனசுக்குள் இருக்கும் நம்பிக்கையைப் பள்ளியிடம் திறந்துகாட்ட வேண்டிய நிலைமை வருவதே ஒரு சுமை என்று அவர்கள் புரிந்துகொண்டதுதான். விடுதியில் அந்தச் சுமை இரட்டிப்பு. பகலில் நீ விளக்கம் சொன்ன அதே ஆள் இரவில் விளக்கணைக்க வருவார்.

அதனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது வேறொரு கோடு. வரவேண்டும் என்றால் வா, நில், உட்கார். அது விருந்தாளி மரியாதை, அதற்கு நம்பிக்கை தேவையில்லை. ஆனால் உன் வாயிலிருந்து 'நான் நம்புகிறேன்' என்று வருகிற எதையும் சொல்லாதே, மண்டியிட மனமில்லை என்றால் மண்டியிடாதே, சடங்கில் உனக்கென்று நீட்டப்படும் எதையும் வாங்கிக்கொள்ளாதே. இந்தக் கோட்டைப் பல மதங்களே உனக்காகப் போட்டுவைத்திருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. கத்தோலிக்கப் பள்ளி என்றால், ஞானஸ்நானம் வாங்காத உனக்கு நற்கருணை, அதாவது பூசையில் தரும் அப்பம், கொடுக்க அவர்களுடைய 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே அனுமதிக்காது, நீ போய் நின்றால்தான் அவர்களுக்குச் சங்கடம். யாரையும் மனசாட்சிக்கு எதிராக விசுவாசத்துக்குள் இழுக்கக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது, 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் பெரிய கூட்டம் மத சுதந்திரம் பற்றி வெளியிட்ட பிரகடனத்திலும் இருக்கிறது. பிரின்சிபால் பாதிரியாராக இருந்தால் இதெல்லாம் அவருக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும், நீ மேற்கோள் காட்டிச் சண்டை போட வேண்டாம், மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

பேசாமல் நிற்பது அவமரியாதை ஆகாது என்பதற்கும் ஒரு கதை உண்டு. கேரளத்தில் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை, பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986-ல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது, மரியாதையாக நின்றதே போதும் என்றது. பாடாததற்குக் காரணம் அவர்களுடைய மத நம்பிக்கை, அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ சபையினர். அமெரிக்காவில் 1943-ல் கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கக்கூடாது என்று தீர்ப்பு வாங்கித் தந்ததும் அதே சபையைச் சேர்ந்த குடும்பங்கள்தான். வாயை மூடிக்கொண்டு நிற்கும் உரிமைக்கு நம்பிக்கை இல்லாதவன் நன்றி சொல்ல வேண்டியது தீவிர நம்பிக்கைக்காரர்களுக்கு. உன் அப்பாவிடம் சொல்லிப் பார், சிரிப்பார்.

பள்ளியின் பெயர்ப்பலகையை வைத்து எதையும் முடிவு கட்டாதே. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளிகள் இருக்கின்றன, இங்கிலாந்தில் ஆக்வொர்த் 1779-லும் அமெரிக்காவில் வெஸ்ட்டவுன் 1799-லும் தொடங்கியவை. வாரத்தில் ஒருநாள் எல்லோரும் கூடி அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், பிரசங்கம் கிடையாது, ஒப்பிக்க வேண்டிய விசுவாசப் பிரமாணம் கிடையாது, பேசத் தோன்றியவர் எழுந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்காருவார். நம்பிக்கை இல்லாத ஒரு பையன் அதற்கு எதிராக எதைச் சொல்லிச் சண்டை போடுவான்? இன்னொரு பக்கம், தினசரி வழிபாடு என்று பெரிதாக ஒன்றுமே இல்லாத பள்ளியில் நடத்தை விதிகள் மூச்சு முட்ட வைக்கும்.

உண்மையில் உன்னை மாதிரிப் பிள்ளைகள் அடிபடுவது அங்கேதான். யாரோடு பேசலாம், ஆணும் பெண்ணும் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், காதல் என்றால் என்ன தண்டனை, ஆணுக்கு ஆணைப் பிடித்திருந்தால் என்ன ஆகும், என்ன உடுத்தலாம், என்ன கேட்கலாம் என்பதெல்லாம் 'ஒழுக்கம்' என்ற தலைப்பில் வரும், 'மதம்' என்ற தலைப்பில் வராது. வழிபாட்டிலிருந்து விலக்கு தருகிற பள்ளிகூட இதிலிருந்து விலக்கு தராது. விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி முதலில் அந்த அத்தியாயத்தைப் படி.

அப்புறம் பொறுப்புகள். மாணவர் தலைவன் மேடையில் வேதம் வாசிக்க வேண்டும், ஜெபம் நடத்த வேண்டும் என்று இருந்தால், யாரும் உன்னைத் தடுக்காமலேயே நீ அந்தப் பட்டியலுக்கு வெளியே போய்விடுவாய். இதை ஒரு பள்ளியில் கேட்டபோது "அவனே பெயர் கொடுக்கவில்லையே" என்றார்கள். எப்படிக் கொடுப்பான்?

மனசு சரியில்லாத ராத்திரியில் நீ யாரிடம் போவாய் என்பதையும் கேட்டு வைத்துக்கொள். பல மதப் பள்ளிகளில் ஆலோசகரும் பாதிரியாரும் ஒரே ஆள். அருமையான மனிதராக இருக்கலாம், நான் பார்த்த மிகச் சிறந்த காதுகளில் ஒன்று ஒரு வயதான கன்னியாஸ்திரியுடையது, ஒரு வார்த்தை உபதேசம் செய்யாமல் ஒன்றரை மணி நேரம் கேட்பார். ஆனால் சிலர் எதைச் சொன்னாலும் 'ஜெபம் பண்ணினாயா?' என்று ஆரம்பிப்பார்கள், அதைக் கேட்டவுடன் உன் வயதுப் பிள்ளைக்கு வாய் பூட்டிக்கொள்ளும். வேறு ஆலோசகர் இருக்கிறாரா, நீ சொன்னது யாருக்கெல்லாம் போகும் என்பதைச் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்.

ஒதுக்கி வைப்பார்களா என்று கேட்டாய். ஒதுக்குவதைவிட அதிகமாக நடப்பது வேறு: உன்னை விடமாட்டார்கள். விளக்கணைத்த பிறகு இருட்டில் எட்டுக் கட்டிலிலிருந்தும் கேள்வி வரும். செத்த பிறகு என்ன ஆகும் என்று நினைக்கிறாய், உனக்குப் பயமே கிடையாதா, அப்புறம் ஏன் பரீட்சைக்கு முன்னால் கண்ணை மூடினாய்? முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருக்கும், அதற்கப்புறம் விடுதியின் ஆஸ்தான நாத்திகன் என்ற வேலை அலுத்துப்போகும். "இன்னைக்கு லீவுடா" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம், தப்பில்லை. நீ மட்டும் ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்காரன் படுப்பதற்கு முன் மண்டியிட்டு முணுமுணுத்தால் சிரிக்காதே, மற்றவர்கள் சிரித்தாலும் கூடச் சேராதே. வீட்டை விட்டு வந்த பிள்ளைக்குச் சில நேரம் அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

வழிபாட்டில் எல்லோரும் கண்ணை மூடும்போது நீ திறந்து வைத்திருப்பாய் அல்லவா, அப்போது தலையைத் திருப்பாமல் பார்வையை மட்டும் கொஞ்சம் ஓட்டிப் பார். இன்னும் நாலைந்து பேர் கண்ணைத் திறந்துகொண்டு நிற்பார்கள். ஒருத்தி கொட்டாவியை அடக்கிக்கொண்டிருப்பாள், ஒரு டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோரும் ஒரே அளவில் நம்புகிறவர்கள் என்று வெளியிலிருந்து பார்க்கும்போதுதான் தோன்றும்.

உன் அம்மா சொல்கிறபடி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருஷம் இருக்க முடியாது, தாடைதான் வலிக்கும். உன் அப்பாவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது பேர் சேர்ந்து பாடும் ஒரு பாட்டுக்கு நடுவில், வீட்டு ஞாபகம் வந்த ஒரு மாலையில், பதினாறு வயதில் நிற்பது லேசான விஷயம் கிடையாது, மனசு அசையும். பாட்டுக்காகவே குழுவில் சேர்ந்த நம்பிக்கையில்லாத பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், அதில் ஓரிருவர் பின்னால் மதத்துக்குள் போனார்கள், பெரும்பாலோர் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள், தீவிர பக்தியோடு உள்ளே போய் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. இதில் எது நடக்கும் என்று உன் அப்பாவுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. அசைந்தால் முதலில் என்னிடம் சொல்லு, நான் திட்டமாட்டேன் என்று ஒரு வார்த்தை அவர் உன்னிடம் சொல்லி அனுப்பினால் நல்லது. இந்தப் பதிலை அவரிடம் காட்டு.

நேர்காணலுக்கு முன்னால் இரண்டு விஷயம் செய். சனி ஞாயிறு உட்பட ஏழு நாளுக்கான கால அட்டவணையைக் கேட்டு வாங்கு, இணையதளத்தில் போட்டிருக்கும் அழகான படம் வேண்டாம், விடுதிச் சுவரில் ஒட்டியிருக்கும் தாள் வேண்டும். அடுத்தது, இப்போது அங்கே படிக்கிற, அந்த மதத்தைச் சேராத ஒரு மாணவனோடு, பக்கத்தில் ஆசிரியர் யாரும் இல்லாமல் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று கேள். விடுதிப் பள்ளிகளில் இது வழக்கமான கோரிக்கைதான், நல்ல பள்ளி உடனே ஏற்பாடு செய்யும். மழுப்பினார்கள் என்றால் என்ன காரணம் சொன்னார்கள் என்று அப்படியே குறித்துக்கொண்டு எனக்கு மறுபடியும் எழுது.